பெயர் காத்தலும் பெயர் இழத்தலும்: உயிரின அறிவியற்பெயர்களில் நாட்டுப்பெயர்கள் – விருதுநகர் வட்டார மரங்களை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

தமிழிலக்கியத் தாவரங்களை ஆராய்வோர் நாட்டுப்பெயரை அடுத்து அறிவியற்பெயரைக் குறிப்பது வழக்கம். அறிவியற்பெயர் மாறாதது, ஐயத்திற்கு இடமற்றது என்னும் நம்பிக்கையே இவ்வழக்கத்திற்கு அடிப்படை. ஆயின் அறிவியற்பெயருக்கும் தோற்றம், வழக்கு, மாற்றம், நீக்கம் என்னும் வரலாறு உண்டு. விருதுநகர் மாவட்டத்திலும் சிவகாசித் தீப்பெட்டித் தொழிலிலும் இடம்பெறும் புங்கம், முருங்கை, தீக்குச்சி மரம், வேலமரம் ஆகியவற்றின் பெயர்களை இக்கட்டுரை இவ்வரலாற்றின் வழி விளக்குகிறது. தென்னிந்திய நாட்டுப்பெயர்கள் சில அறிவியற்பெயராக நிலைத்ததற்கும் சில விலக்கப்பட்டதற்கும் உரிய காரணங்களைக் காட்டி, தமிழாய்வில் அறிவியற்பெயரைக் கையாளும் முறை ஒன்றையும் முன்வைக்கிறது.

திறவுச்சொற்கள்: அறிவியற்பெயர், நாட்டுப்பெயர், இருசொற்பெயர், முந்துரிமை, காப்புப்பெயர், மரபியல், ஓர்த்துசு மலபாரிக்கசு.

முன்னுரை

கருவேலமரம் ஒன்றைப் பற்றி மூன்று ஆய்வேடுகள் எழுதப்பட்டுள்ளன எனக் கொள்வோம். முதலாவது அதனை அக்கேசியா அராபிக்கா என்கிறது. இரண்டாவது அக்கேசியா நைலோட்டிகா என்கிறது. மூன்றாவது வச்செல்லியா நைலோட்டிகா என்கிறது. தாவரவியல் அறியாத தமிழ் மாணவர் ஒருவர் இவற்றை மூன்று மரங்கள் எனக் கொள்ளுதல் இயல்பு. மரமோ ஒன்றே, வைப்பாற்றுப் படுகையின் கண்மாய்க் கரைகளில் நிற்கும் அதே கருவேலம். நாட்டுப்பெயர் மாறாமல் நிற்க, அறிவியற்பெயரே மாறியுள்ளது.

இதனால் அறிவியற்பெயர் பயனற்றது என்பது பொருளன்று. எக்காரணத்தால் மாறியது, எவ்விதியின்படி மாறியது என்பதை அறியாது அதனைப் பயன்படுத்துதல் பிழைக்கு இடந்தரும் என்பதே பொருள். அறிவியற்பெயரை அடைப்புக்குறிக்குள் இடும் அணியாகக் கொள்ளாமல், வரலாறுடைய சொல்லாகக் கொண்டு படித்தல் வேண்டும் என்பது இக்கட்டுரையின் கருதுகோள். சொல்லின் வரலாற்றை ஆராய்தல் தமிழாய்வாளருக்கு உரிய பணியாதலின், இது தாவரவியலாரிடம் மட்டும் விட்டுவிடத்தக்க செய்தி அன்று.

இருசொற்பெயரின் தோற்றம்

பதினெட்டாம் நூற்றாண்டின் இடைப்பகுதி வரை ஐரோப்பிய அறிஞர்கள் ஒரு செடியைப் பல சொற்களால் ஆகிய இலத்தீன் தொடர் ஒன்றால் குறித்தனர். அத்தொடர் பெயராகவும் விளக்கமாகவும் ஒருங்கே நின்றது. புதிய செடிகள் வந்து சேரும்தோறும் வேறுபாடு காட்டத் தொடர்கள் நீண்டன. சுவீடன் நாட்டுக் காரல் லின்னேயசு 1753-இல் வெளியிட்ட ‘ஸ்பீசீஸ் பிளாண்டாரம்’ நூலில் ஒவ்வோர் இனத்திற்கும் பேரினப்பெயர், இனச்சிறப்புப்பெயர் என்னும் இரு சொற்களைச் சீராக வழங்கினார். பெயர் வேறு, விளக்கம் வேறு என்னும் பிரிவு இதனால் உறுதிப்பட்டது. தாவரப் பெயரிடலுக்கு இந்நூலும், விலங்குப் பெயரிடலுக்கு 1758-இல் வெளிவந்த ‘சிஸ்டமா நேச்சுரே’ பத்தாம் பதிப்பும் தொடக்க எல்லைகளாக இன்று ஏற்கப்பட்டுள்ளன.

பெயரிடலில் முதன்மையான விதி முந்துரிமை ஆகும். ஓர் உயிரினத்திற்குப் பல பெயர்கள் இடப்பட்டிருப்பின், விதிப்படி முதலில் வெளியிடப்பட்டதே செல்லும். ஆனால் நூல்களில் புதைந்து கிடந்த பழம்பெயரை மீட்பதால் பரவலாக வழங்கும் பெயர் வீழ்ந்துபடும் இடர் நேரும்போது, வழங்கும் பெயரைக் காத்துப் பழையதை விலக்குதலும் உண்டு. இவ்வாறு காக்கப்படுவது காப்புப்பெயர். தாவரங்களுக்கான காப்புப்பெயர்ப் பட்டியல் 1905-ஆம் ஆண்டு வியன்னா மாநாட்டில் முதன்முதலாக ஏற்கப்பட்டது. முந்துரிமை விதி நூலின்பாற்பட்டது. காப்பு விதி வழக்கின்பாற்பட்டது. இலக்கணத்தில் விதியும் வழக்கும் தம்முள் முரணும் இடங்களை அறிந்த தமிழாய்வாளருக்கு இவ்விரு நெறிகளும் புதியன அல்ல.

மரபியல் பகுப்பும் வேல் என்னும் பொதுப்பெயரும்

தொல்காப்பிய மரபியல் உயிர்களை ஓரறிவு முதல் ஆறறிவு ஈறாக வகுப்பதையும், புறத்தே வயிரம் உடையனவற்றைப் புல் என்றும் அகத்தே வயிரம் உடையனவற்றை மரம் என்றும் பிரிப்பதையும் கொண்டு, லின்னேயசின் வகைப்பாட்டிற்குத் தொல்காப்பியரே முன்னோடி எனக் கூறுவோர் உளர். இக்கூற்று மறுபரிசீலனைக்குரியது. மரபியல் அடுத்து உரைப்பது புல்லுக்கும் மரத்திற்கும் உரிய உறுப்புப் பெயர்களையே ஆகும். ஓலை, மடல், பாளை முதலியன ஒன்றற்கும், இலை, தளிர், சினை முதலியன மற்றொன்றற்கும் சிறப்பாகக் கூறப்படுகின்றன. எவ்வுயிர் எக்குழுவைச் சேரும் என்பது லின்னேயசின் வினா. எப்பொருளுக்கு எச்சொல் மரபு என்பது தொல்காப்பியரின் வினா. இரண்டனையும் ஒன்றாக்குதல் இருவருக்கும் நீதி செய்வதாகாது. அதேவேளையில், கரிசல் நிலத்துச் சிற்றூரில் இன்றும் எவரும் ‘பனை இலை’ என்றோ ‘வேப்பம் ஓலை’ என்றோ கூறுவதில்லை. மரபியல் பதிவு செய்த பகுப்பு வாழும் வழக்கில் நிற்பதற்கு இதுவே சான்று. அதன் பெருமைக்கு அயற்சான்று வேண்டுவதில்லை.

நாட்டு வழக்கின் பெயரமைப்பு இருசொற்பெயருடன் ஒப்பிடத்தக்கதாக அமையும் இடம் வேறொன்று. வேல் என்னும் பொதுப்பெயர்முன் அடை சேர்ந்து கருவேல், வெள்வேல், குடைவேல் எனச் சிறப்புப்பெயர்கள் பிறக்கின்றன. வெள்வேலுக்கு ராக்சுபர்க் அமைத்த ‘லியூக்கோஃபிளோயா’ என்னும் சிறப்புப்பெயர் வெண்பட்டை எனப் பொருள்படும் கிரேக்கத் தொடர். குடைவேலுக்கு வைட்டும் ஆர்னட்டும் இட்ட ‘பிளானிஃப்ரான்ஸ்’ என்பது தட்டையான தழைப்பரப்பு எனப் பொருள்தருவது. குடைபோல் விரிந்த முடியைத் தமிழர் கண்டதும், பரந்த தட்டை வடிவை அவர்கள் கண்டதும் ஒரே பண்பின் இரு நோக்குகள்.

ஒப்புமை இவ்விடத்தில் முடிகிறது. சீமைக்கருவேலம் என்னும் பெயர் அதனைக் கருவேலின் உறவாகக் காட்டுகிறது. அறிவியலோ அதனை முன்னர்ப் புரோசோபிசு என்னும் வேறொரு பேரினத்தில் வைத்திருந்தது. 2022-இல் வெளிவந்த மறுவகைப்பாடு நெல்டூமா என்னும் பேரினத்திற்கு மாற்றியுள்ளது. நாட்டுப்பெயர் தோற்றத்தையும் பயனையும் வந்த வழியையும் நோக்கி அமைகிறது. அறிவியற்பெயர் மரபுவழி உறவை நோக்கி அமைகிறது. நோக்கம் வேறாதலின் இவற்றுள் ஒன்றைக் கொண்டு மற்றொன்றைப் பிழை என்றல் பொருந்தாது.

ஒரே தொகுதியில் மூன்று மரங்கள்

தென்னிந்திய நாட்டுப்பெயர்கள் ஐரோப்பியத் தாவரவியலுள் புகுந்த பெருவாயில் ‘ஓர்த்துசு மலபாரிக்கசு’ ஆகும். கொச்சியில் டச்சு ஆளுநராக இருந்த ஹென்றிக் வான் ரீட் தொகுத்த இந்நூல் 1678 முதல் 1693 வரை ஆம்ஸ்டர்டாமில் பன்னிரண்டு தொகுதிகளாக வெளிவந்தது. ஈழவ மருத்துவர் இட்டி அச்சுதனும், ரங்க பட், விநாயக பண்டிதர், அப்பு பட் ஆகியோரும் செடிகளின் பெயரையும் பயனையும் உரைத்தனர். மலபார் வழக்கின் பெயர்களே இதில் தலைப்பெயர்களாக நின்றன.

1686-இல் வெளிவந்த ஆறாம் தொகுதியில் புங்கம், முருங்கை, பொங்கேலியோன் என மூன்று மரங்கள் படத்துடன் விளக்கப்பட்டுள்ளன. முதலிரண்டும் தமிழருக்கு அறிமுகமானவை. மூன்றாவது, மலையாளத்தில் மட்டி என்றும் வழங்கும் மரம். மட்டிப்பால் என்னும் நறுமணப் பிசின் தருவது. தீக்குச்சிக்கு ஏற்ற மென்மரம் உடையது. இம்மூன்றின் பெயர்களும் ஐரோப்பாவில் வெவ்வேறு ஊழ் எய்தின.

கிரேக்கம் அல்லது இலத்தீன் வேர் இல்லாத பேரினப்பெயர்கள் விலக்கத்தக்கன என்பது லின்னேயசின் கொள்கை. 1751-இல் வெளியிட்ட ‘ஃபிலாசஃபியா பொட்டானிக்கா’வில் இதனை விதியாகவே வகுத்தார். இதன்படி புங்கத்தைச் சைட்டிசசு என்னும் பேரினத்துள்ளும், முருங்கையைக் கிலாண்டினா என்னும் பேரினத்துள்ளும் அடக்கினார். முருங்கைக்கு ‘மொரிங்கா’ என்னும் நாட்டுப்பெயரை இனச்சிறப்புப்பெயர் நிலையில் மட்டும் வைத்தார். எனினும் பசலைக்கு ரீட் நூலில் கண்ட பேசெல்லாவையும், அடைக்காயின் வழிவந்த அரெக்காவையும் பேரினப்பெயர்களாக அவரே ஏற்றுள்ளார். விதியை வகுத்தவரும் வழக்கிற்கு இடந்தந்தமை இதனால் புலனாகும்.

பிரெஞ்சுத் தாவரவியலார் மிசேல் அதான்சன் இதற்கு மாறான கொள்கையர். செனகல் நாட்டில் பல்லாண்டு வாழ்ந்த அவர், நாட்டு மக்கள் வழங்கும் பெயரே தாவரத்திற்கு உரிய பெயர் எனக் கருதினார். 1763-இல் வெளியிட்ட நூலில் பொங்கம், மொரிங்கா, பொங்கேலியோன் என்னும் மூன்றையும் பேரினப்பெயர்களாக அமைத்தார். கொள்கை வேறுபாடு ஒன்று மூன்று தென்னிந்தியச் சொற்களை அறிவியலின் நிலையான ஏட்டில் ஏற்றியது.

பின்னர் ‘மொரிங்கா’ பேரினத்தோடு ஒரு குடும்பத்திற்கே பெயராயிற்று. முருங்கை இன்று மொரிங்கா ஒலிஃபெரா. ‘பொங்கம்’ இலத்தீன் ஈறு பெற்றுப் ‘பொங்கேமியா’ ஆகி, காப்புப்பெயராக ஏற்கப்பட்டது. லின்னேயசு இட்ட சிறப்புப்பெயருடன் இணைந்து பொங்கேமியா பின்னேட்டா என வழங்குகிறது. இடையே மில்லெட்டியா என்னும் பேரினத்துள் அதனை அடக்கியோரும் உளர். அப்போது நாட்டுப்பெயர் மறைந்து, வகைப்பாடு திரும்பியபோது பெயரும் திரும்பியது.

இப்பெயர்களின் ஒலிவடிவம் பற்றி எச்சரிக்கை ஒன்று தேவை. ரீட் நூலில் முருங்கையின் முதலுயிர் உகரமாகவே எழுதப்பட்டுள்ளது. ஒகரமாயினமை ஐரோப்பாவில் நிகழ்ந்தது. புங்கத்தின் முதலுயிரோ ரீட் நூலிலேயே ஒகரம். எழுத்துக்கூட்டு மரபையும் அச்சு மரபையும் நோக்காது, இவற்றைக் கொண்டு பதினேழாம் நூற்றாண்டு ஒலிப்பை முடிவுசெய்தல் இயலாது. மேலும் இவை மலபாரில் பதிவான சொற்கள். தமிழுக்கும் மலையாளத்திற்கும் பொதுவான இவற்றைத் தமிழுக்கு மட்டும் உரியனவாகக் கூறுதல் சான்றுக்கு அப்பாற்பட்ட கூற்றாகும்.

தீக்குச்சி மரம்: விலக்கப்பட்ட பெயர்

1920களில் சிவகாசியில் வேரூன்றிய தீப்பெட்டித் தொழிலுக்கு மென்மரக் குச்சி இன்றியமையாதது. கேரளத்திலிருந்து வந்த மட்டிமரம் இதற்குப் பெரிதும் பயன்பட்டது. இம்மரத்தின் அறிவியற்பெயர் அய்லாந்தசு டிரைஃபைசா. தமிழகத்தின் வறண்ட நிலங்களில் வளர்க்கப்படும் பெருமரம் என்பது அய்லாந்தசு எக்செல்சா. ‘தீக்குச்சி மரம்’ என்னும் தமிழ்ப்பெயர் இரண்டனையும் குறிக்கக்கூடும். நாட்டுப்பெயர் பயனை நோக்கிப் பிறந்தமையால் ஏற்பட்ட மயக்கம் இது. இதனைத் தீர்க்க அறிவியற்பெயர் வேண்டப்படுகிறது.

அய்லாந்தசு என்னும் சொல் இந்தோனேசியாவின் அம்போன் தீவு வழக்கிலிருந்து வந்தது. வானளாவிய மரம் என்னும் கருத்துடைய அச்சொல்லைத் தேஃபோந்தேன் 1788-இல் வெளியான தம் கட்டுரையில் பேரினப்பெயராக்கினார். மூலச்சொல்லில் இல்லாத ஹகர ஒலி, பூ எனப் பொருள்படும் கிரேக்க ‘ஆந்தோசு’ என்பதன் சாயலால் எழுத்தில் ஏறியது. அயற்சொல்லைத் தமக்குத் தெரிந்த சொல்லாக மாற்றிக்கொள்ளும் இயல்பு பாமரர்க்கு மட்டும் உரியதன்று என்பதற்கு இது நல்ல எடுத்துக்காட்டு.

அதான்சனின் பொங்கேலியோன் 1763-க்கு உரியது. அய்லாந்தசு அதற்கு இருபத்தைந்து ஆண்டுகள் பிந்தியது. முந்துரிமை விதி மட்டும் செயற்பட்டிருப்பின் சிவகாசித் தீக்குச்சியின் மரம் மலபார்ப் பெயரையே தாங்கியிருக்கும். சில தாவரவியலார் பொங்கேலியோன் என்னும் பேரினப்பெயரின்கீழ் இனங்களைப் பெயரிட்டதும் உண்டு. ஆயின் அய்லாந்தசு உலகெங்கும் வழக்கில் ஊன்றிவிட்டமையால் அது காக்கப்பட்டுப் பொங்கேலியோன் விலக்கப்பட்டது. புங்கத்தின் பெயரைக் காத்த அதே விதி பொங்கேலியோனை நீக்கியது. இதனை ஒரு மொழிக்கு இழைக்கப்பட்ட அநீதி எனக் கொள்ள இடமில்லை. நிலைத்த பெயரும் கிழக்கத்திய நாட்டுப்பெயரே.

நீக்கப்பட்ட பெயர் முற்றும் மறையவில்லை என்பது கருதத்தக்கது. 1818-இல் தென்ஸ்டெட் என்னும் செருமானியர் ரீட் நூலின் செடிகளுக்கு இருசொற்பெயர்கள் அமைத்தபோது, பொங்கேலியோன் படத்தை அடிப்படையாகக் கொண்டு அதற்கு அடினாந்தெரா டிரைஃபைசா எனப் பெயரிட்டார். 1931-இல் ஆல்ஸ்டன் அதனை அய்லாந்தசுக்கு மாற்றினார். எனவே டிரைஃபைசா என்னும் சிறப்புப்பெயரின் அடித்தளத்தைத் தேடிச் செல்வோர் மலபாரில் வரையப்பட்ட ஒரு படத்தையும், அம்மரத்தின் பெயரை உரைத்த நாட்டு அறிஞரின் அறிவையுமே சென்றடைவர். பெயரின் மேற்பகுதி மாறினும் அதன் வேர் இடம்பெயரவில்லை.

கருவேலம் இழந்த பெயர்

அக்கேசியாவின் வரலாறு இதனினும் நுட்பமானது. ‘அகாகியா’ என்பது எகிப்தில் வளரும் கருவேலத்தைக் குறிக்கப் பழங்கிரேக்கர் வழங்கிய சொல். 1754-இல் மில்லர் அதனைப் பேரினப்பெயராக்கினார். காலப்போக்கில் ஆயிரத்திற்கும் மேற்பட்ட இனங்கள் அதன்கீழ்த் தொகுக்கப்பட்டன. அவை ஒரே மரபுவழியின அல்ல என்பது உறுதியானபின் பேரினத்தைப் பிரிக்க நேர்ந்தது. பெயரைத் தாங்கும் முன்மாதிரி இனம் கருவேலமாதலின், விதிப்படி அக்கேசியா என்னும் பெயர் அதற்கே உரியது. அவ்வாறாயின் ஆஸ்திரேலியாவின் ஏறத்தாழ ஆயிரம் இனங்கள் பெயர் மாறவேண்டும். 2005-ஆம் ஆண்டு வியன்னா மாநாட்டில் முன்மாதிரியாக ஆஸ்திரேலிய இனம் ஒன்று அமர்த்தப்பட்டது. ஆப்பிரிக்க ஆய்வாளர் உள்ளிட்ட பலர் எதிர்த்தனர். 2011-இல் மெல்போர்ன் மாநாட்டில் அம்முடிவு நிலைபெற்றது.

இதன் விளைவாக, எம்மரத்தை நோக்கி அச்சொல் பிறந்ததோ அம்மரமே அச்சொல்லை இழந்தது. கருவேலமும் வெள்வேலும் குடைவேலும் இன்று வச்செல்லியா பேரினத்தைச் சார்ந்தவை. இப்பேரினத்தை வைட்டும் ஆர்னட்டும் 1834-இல் தென்னிந்தியத் தாவரங்கள் பற்றிய நூலில் அமைத்தனர். மக்காவில் சமயப்பணி செய்தவரும் சீனத் தாவரங்களைத் திரட்டியவருமான வச்செல் என்னும் ஆங்கிலப் பாதிரியார் பெயரால் அமைத்தனர். விருதுநகர்க் கரிசலின் வேலமரம் தான் கண்டறியாத ஒருவரின் பெயரை இன்று தாங்கி நிற்கிறது. நறுமண வேரால் அறியப்பட்ட வெட்டிவேரும் இத்தகையதே. வெட்டிவேரியா என நின்ற அதன் பேரினப்பெயர் இன்று கிரைசோபோகன் என்பதனுள் அடங்கிவிட்டது.

விலங்குப் பெயரிலும் இந்நிலை உண்டு. திருவில்லிபுத்தூரில் 1988-இல் அமைந்த சரணாலயத்தால் அறியப்படும் சாம்பல் நிற மலையணிலின் பெயர் ரட்டூஃபா மக்ரூரா. ரட்டூஃபா இந்திய நாட்டுப்பெயர் ஒன்றிலிருந்து வந்தது. மக்ரூரா ‘நீண்ட வாலுடையது’ எனப் பொருள்படும் கிரேக்கம். திருவில்லிபுத்தூர் அணில்கள் பொதுவாகச் சேர்க்கப்படும் துணையினத்தின் பெயர் ‘தண்டொலேனா’. 1915-இல் தாமசும் ரோட்டனும் இட்ட இப்பெயர், பேரணிலைக் குறிக்கும் ‘தண்டு லேனா’ என்னும் சிங்களச் சொல். எனவே பெயரின் மொழியை உயிரினத்தின் தாயகத்திற்கான சான்றாகக் கொள்ளுதல் கூடாது. பெயர் காட்டுவது பெயரிட்டவர் எங்குக் கேட்டார் என்பதையே.

தமிழாய்விற்கான நெறி

சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதி 1924 முதல் வெளிவந்தது. அதன் தாவரப்பெயர்கள் அக்கால வகைப்பாட்டை ஒட்டியவை. அவற்றை இன்றைய பெயர்களாகக் கொண்டு சங்க இலக்கியத் தாவர ஆய்வுகளில் படியெடுப்பதால் ஒரே மரம் பலவாகவும் பல மரங்கள் ஒன்றாகவும் தோன்றும் நிலை உருவாகிறது. இதனைத் தவிர்க்கப் பின்வருவன கருதத்தக்கன.

1. அறிவியற்பெயருடன் பெயரிட்ட ஆசிரியர் பெயரையும் தருதல் வேண்டும். பெயர் மாறினும் பழம்பெயருடன் இணைத்துக் காண அதுவே வழி.

2. அகராதியிலிருந்து எடுத்த பெயராயின் அகராதிப் பெயர், இன்றைய பெயர் இரண்டனையும் சுட்டுதல் வேண்டும்.

3. நாட்டுப்பெயரை ஊர்ப்பெயருடன் பதிவு செய்தல் வேண்டும். சிவகாசியில் ஒரு பெயரால் வழங்கும் மரம் திருவில்லிபுத்தூர் மலையடிவாரத்தில் வேறொன்றாக இருத்தல் கூடும்.

4. அறிவியற்பெயரின் பொருளை மொழிபெயர்த்துப் புதிய தமிழ்ப்பெயர் படைக்குமுன், அவ்வுயிருக்கு வழங்கும் நாட்டுப்பெயர் உண்டா எனக் கள ஆய்வால் அறிதல் வேண்டும்.

முடிவுரை

லின்னேயசின் விதி நாட்டுப்பெயர்களைப் பேரினப்பெயர் நிலையிலிருந்து பெரிதும் விலக்க முயன்றது. அதான்சனின் கொள்கை அவற்றை ஏற்றியது. காப்பு விதி அவற்றுள் சிலவற்றைக் காத்துச் சிலவற்றை நீக்கியது. பொங்கேமியா நின்றதும், பொங்கேலியோன் நீங்கியதும், கருவேலம் அக்கேசியாவை இழந்ததும் அம்மரங்களின் இயல்பால் நேர்ந்தவை அல்ல; நூலும் வழக்கும் மாநாட்டு முடிவும் சேர்ந்து நிகழ்த்தியவை. எனவே அறிவியற்பெயர் மொழியின் வரலாற்றுக்கு உட்பட்டதே.

இட்டி அச்சுதனும் அவருடன் பணியாற்றியோரும் உரைத்த பெயர்கள் ஏட்டில் ஏறியமையால் அவை விலக்கப்பட்ட பின்னும் ஆராயக் கிடைக்கின்றன. ஏட்டில் ஏறாத பெயருக்கு அவ்வாய்ப்பு இல்லை. சீமைக்கருவேலம் மண்டிய கரிசல் ஊர்களில் முன்பிருந்த செடிகள் குறையுந்தோறும் அவற்றின் பெயர் அறிந்தோரும் குறைகின்றனர். அப்பெயர்களை இடமும் பொருளும் சுட்டித் தொகுத்தல் தமிழ்த்துறை ஆய்வாளர் உடனடியாக மேற்கொள்ளத்தக்க பணியாகும்.